அண்ணை சப்பாத்தைக் கழற்றிய காலை

இந்த மலர் உங்கள் கையில் வரும்போது அண்ணை எங்களை விட்டுப் போய் முப்பத்தொரு நாள் ஆகியிருக்கும். அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டுக்கு இருந்து எழும்பும் உறவுகளிடம் இப்படியொரு மலரைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த ஊர், பட்ட கஷ்டம், செய்த நன்மை எல்லாம் இதிலும் இருக்கின்றன. ஆனால் அண்ணை எப்படி இறந்தார் என்பதை மறைத்துவிட்டு இதை முடிக்க என்னால் முடியாது. எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை. விடிய எழும்பியதும் கால் தானாக அண்ணை வீட்டுப் பக்கம் போகிறது. வாசற் படலையில் கைவைத்த பிறகுதான் அவர் இல்லை என்பது நினைவு வருகிறது. அப்படியே திரும்பி வந்துவிடுகிறேன்.

அண்ணை சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தவன் நான். எங்களுக்குப் பின் ஒரு தங்கை; இப்போது கனடாவில் இருக்கிறார். எங்கள் ஐயா காலமானபோது அண்ணைக்குப் பதினாறு வயது. அம்மா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊருக்கு, கரவெட்டிப் பக்கத்துக்கு, வந்துவிட்டார். அதோடு அண்ணை படிப்பை விட்டார். தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று எல்லோரிடமும் சொல்லுவார். அது பச்சைப் பொய். என் கணக்குக் கொப்பியில் பிழை பிடித்துத் திருத்தித் தந்தவரே அவர்தான். எனக்காகத் தியாகம் செய்தார் என்று எழுதினால், 'உதென்ன நாடக வசனம்' என்று சிரித்திருப்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவர் கூலி வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போய் விஞ்ஞான வாத்தியாரானேன்.

போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது நாங்கள் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் இரண்டே இரண்டு மலகூடங்கள். இரண்டும் சில நாளில் நிரம்பி வழிந்தன. எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு தாயின் கைக்குழந்தை வாந்திபேதியில் போய்விட்டது. அண்ணை எங்கேயோ ஒரு மண்வெட்டி இரவல் வாங்கி வந்து புதுக் குழி வெட்டத் தொடங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவருடைய தொழில் அந்த இடத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஊர் திரும்பிய பின் பிரதேச சபையின் சுகாதாரப் பகுதியில் தொழிலாளியாகச் சேர்ந்து, கடைசியில் மேற்பார்வையாளராக இருந்தார். மலக்குழிகளை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி அவர் பொறுப்பில் ஓடியது.

எங்கள் ஆட்கள் அந்த வேலைக்குப் போவதில்லை. "வேறை உத்தியோகம் கிடைக்கேல்லையோ?" என்று கலியாண வீடுகளில் கேட்டவர்கள் உண்டு. "எல்லாற்றை வீட்டுப் பின்பக்கமும் எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கட்டோ?" என்பார் அண்ணை. கேட்டவர் அடுத்த பந்திக்கு எழும்பிப் போய்விடுவார்.

வேலைக்கு அணியும் முழங்கால் உயர றப்பர் சப்பாத்தை அண்ணை பின்னேரம் கிணற்றடியில் மருந்து போட்டுக் கழுவி, வேலிக் கதியால் தடியில் கவிழ்த்து வைப்பார். அண்ணையின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை பகுதியார் வந்த நாளில் அதை எடுத்து ஒளிக்கச் சொன்னேன். "ஏன், களவெடுத்த சப்பாத்தே?" என்று கேட்டார். வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். கலியாணமும் நடந்தது. வெட்கப்பட்டது நான் ஒருவன்தான்.

வேலையிடத்தில் அண்ணை எப்படி இருந்தார் என்பது குடும்பத்தில் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அவருக்குக் கீழ் நெடுங்காலம் வேலைசெய்த செல்வராணி சொல்லித்தான் இப்போது அறிகிறோம். காலையில் பவுசர் வெளிக்கிடமுன் தொழிலாளர்கள் எல்லோரும் அண்ணைக்கு முன்னால் கையையும் காலையும் காட்டவேண்டுமாம். நகக்கண்ணில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அன்று குழிப் பக்கம் போக விடமாட்டார். பவுசரின் முன்சீற்றில் ஏற்றி இருத்திவிடுவார். கையுறை போடாமல் ஒரு சாக்குத் துண்டைக்கூடத் தொட விடமாட்டார். சவுக்காரம் போட்டு முழங்கை வரை கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டால் ஏச்சு விழும். சபை வாங்கிக் கொடுத்த சப்பாத்துகள் எல்லாம் ஆம்பிளை அளவு. செல்வராணி உள்ளே பழைய துணி அடைத்துத்தான் நடந்தார். அவருடைய காலுக்கு ஏற்ற அளவில் ஒரு சோடி வரும்வரை அண்ணை சபைக் கந்தோருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாராம். "ஐயாவுக்குக் கீழை வேலைசெய்த ஒருத்தரும் வருத்தமெண்டு ஆசுப்பத்திரியிலை படுக்கேல்லை," என்று அவர் செத்தவீட்டில் சொல்லி அழுதார். இப்படிப்பட்ட மனிதர் எப்படி அழுக்குத் தண்ணீரால் வரும் வருத்தத்தில் போனார் என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். பதில் எனக்குத் தெரியும்.

இந்த மாரியில் பெருங்கதை தொடங்கி ஒரு கிழமையில் வெள்ளம் வந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெருங்கதை பிள்ளையாருக்கு இருபத்தொரு நாள் நோற்கும் விரதம். பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்து, பின்னேரம் கோயிலில் கதை படித்து முடிந்த பிறகுதான் ஒருநேரச் சாப்பாடு. படிப்பு ஒரு நாளும் தடைப்படக் கூடாது. அண்ணை வருடம் தவறாமல் காப்புக் கட்டி இருப்பவர்.

எங்கள் ஊர்க் கோயிலின் பரிபாலன சபைக்கு நான் செயலாளர். கோயிலின் மேற்குப் பக்கத்தில் அடியார்களுக்கென்று கட்டிய மலகூடத்தின் குழி அந்த மழையில் இடிந்து, அதிலிருந்தது வெள்ளத்தோடு கலந்து உள்வீதிக்கும் மடப்பள்ளிக்கும் ஏறிவிட்டது. குழி இடிந்தது எனக்கும் தலைவருக்கும் மட்டும் தெரியும். கோயிலுக்குள் மலத்தண்ணீர் வந்துவிட்டது என்ற கதை வெளியே போனால் அந்த வருடத்துப் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தோம். துப்புரவாக்க வந்த அடியார்கள் ஏழு பேருக்கும், "மழைத்தண்ணிதான், இறைச்சு விட்டாச் சரி," என்று சொன்னேன். அவர்கள் வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் நின்று, ஊறிப்போன அரிசிச் சாக்குகளையும் பாய்களையும் கையால் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிருமிகளைப் பற்றி வருடக்கணக்காகப் படிப்பித்த நான், நனையாத படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடிந்த குழியை உறிஞ்சி எடுக்கவேண்டுமே. அதற்காக அண்ணைக்குப் போன் எடுத்தேன். பவுசரோடும் நான்கு தொழிலாளர்களோடும் வந்தார். செல்வராணி சப்பாத்தும் கையுறையும் போட்டு, கையில் வாளியோடு நேரே கேற்றடிக்கு வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, இவையை உள்ளுக்கை விடேலாது. சப்பாத்தோடை எப்பிடி?" என்றேன்.

சப்பாத்து ஒரு காரணம். அவர்கள் செய்யும் தொழிலும் அவர்கள் பிறந்த தெருவும் மற்றக் காரணம். அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. செல்வராணி இரண்டடி பின்னுக்குப் போய் நின்றார். அதைக் கண்டு எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணை மதிலடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இந்த வேலை செய்து செய்து அண்ணைக்கு மூக்குச் செத்துவிட்டது என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"தம்பி, உது மழைத்தண்ணி இல்லை. உள்ளுக்கை நிக்கிற சனத்துக்குச் சொன்னனியோ?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. பிறகு சொல்லுவம்."

"அவையை உடனை வெளியிலை எடு. இல்லாட்டி என்ரை ஆக்களைச் சப்பாத்தோடை உள்ளை விடு. ரெண்டிலை ஒண்டு செய்."

"பின்னேரம் கதை படிக்கவேணும் அண்ணை. ஐயரும் பாத்துக்கொண்டு நிக்கிறார். நீங்கள் வேணுமெண்டாச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

இதைச் சொன்னது நான். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை, தலைவரும் சொல்லவில்லை.

 அண்ணை தொழிலாளர்களை வெளியே குழியைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, சேட்டைக் கழற்றிக் கேற்றில் போட்டார். குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினார். அவருக்கு இரண்டு குதிக்காலிலும் பித்தவெடிப்பு, மாரிக்கு இன்னும் மோசமாகிவிடும். அன்றும் வெடிப்பில் இரத்தம் கசிந்துகொண்டிருந்ததைக் கண்டேன். தன் தொழிலாளி ஒருவருக்கு அப்படிக் குதிக்கால் இருந்திருந்தால் அவரை முன்சீற்றில் ஏற்றி இருத்தியிருப்பார். தன்னை இருத்த ஆளில்லை. பிள்ளையாருக்கு முன்னால் சப்பாத்தோடு போக அவருக்கும் மனம் வந்திருக்காது என்று ஐயர் பின்னர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அவரும் காப்புக் கட்டியவர்தானே. ஆனாலும் கழற்றச் சொன்னது நான்.

உள்ளே போனவுடன் அந்த ஏழு பேரையும் வெளியே அனுப்பினார். "போய்ச் சவுக்காரம் போட்டு நல்லாக் குளியுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அது என் மானத்துக்காக. மடப்பள்ளியையும் உள்வீதியையும் மத்தியானம் தாண்டும்வரை தனியே இறைத்துக் கழுவி, மருந்து தெளித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். "இண்டைக்கே அவைக்கு உண்மையைச் சொல்லிப்போடு. சுகாதாரப் பரிசோதகர் ஐயாவிட்டைக் குளிசை இருக்கு," என்றார். ஓம் என்று தலையாட்டினேன். பின்னேரம் கதை படித்தோம். நான் சொல்லவில்லை.

அந்தக் கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிரதேச சபைத் தொழிலாளர்களுக்கென்று தடுப்புக் குளிசைகள் கொடுத்திருந்தார். அன்று காலை அண்ணை ஒவ்வொருவரையும் தன் கண் முன்னாலேயே விழுங்கவைத்தாராம். சாப்பிட்ட பின் எடுக்கவேண்டிய குளிசை அது. தான் விரதம், பின்னேரம் எடுப்போம் என்று தன்னுடைய பங்கைச் சேட்டுப் பையில் வைத்திருக்கிறார். கேற்றில் கிடந்த சேட்டு மழையில் நனைந்தது; இறைத்துக் களைத்து வந்தவர் குளிசையை மறந்துவிட்டார் போலும். அண்ணி அதைத் தோய்த்து, காயப்போட உதறியபோது பையிலிருந்து கரைந்துபோன கடதாசிச் சுருள் ஒன்று விழுந்தது. அது என்னவென்று ஆசுப்பத்திரியில் டொக்டர் கேட்ட அன்றுதான் அண்ணிக்கு விளங்கியது.

கோயிலை இறைத்த அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. அடுத்த நாள் கெண்டைக்கால் உளைவில் அவரால் கிணற்றடிக்கு நடக்க முடியவில்லை. கண் இரண்டும் சிவந்துவிட்டன. "இது எலிக்காய்ச்சல். வாகனத்தைப் பிடி," என்று அவரே சொன்னார். எங்களுக்கு வைத்தியர் சொல்லமுன் அவர் சொல்லிவிட்டார். எலியின் சிறுநீர் கலந்த அழுக்குத் தண்ணீர் காற் புண்ணால் உள்ளே போனால் வருவது அது. சிறுநீரகத்தையும் ஈரலையும் அடிக்கும். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்ணின் சிவப்போடு மஞ்சளும் ஏறியிருந்தது.

கட்டிலில் கிடந்து என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "அந்த ஏழு பேருக்கும் சொன்னனியோ?" என்பதுதான். இன்னும் இல்லை என்றேன். அவர் ஏசவில்லை. ஏழு பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூச்சு வாங்கியது. "ஒருத்தரையும் விடாதை. நாளைக்கு வந்து சொல்லு."

அன்று பின்னேரம் நான் போயிருக்கலாம். ஏழு வீடுகளும் எங்கள் ஊரில்தான் இருக்கின்றன. சைக்கிளில் சுற்றி வர ஒரு பின்னேரம் காணும். ஆனால் பெருங்கதை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன். தமையன் கண் மஞ்சளாகிக் கிடக்கிறார், நான் கோயிலின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இதை எழுதும் இந்த நிமிடத்திலும், அது நான்தானா என்று எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை அண்ணைக்குப் பேசுவதே கஷ்டமாக இருந்தது. என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"போனனியோ?"

"ஓம் அண்ணை. எல்லாரும் குளிசை எடுத்திட்டினம்."

"ஏழு பேரும்?"

"ஓம்."

"நல்லது," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னோடு கதைத்த கடைசிச் சொல் அது. ஒரு மணித்தியாலத்துக்குள் மூச்சுக்கு மெசின் பூட்டினார்கள். அண்ணி வெளியே நீள வாங்கில் இருந்தபடி, "என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.  அண்ணியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பிறகேன் இஞ்சை நிக்கிறியள்?" என்றார்.

பஸ்ஸில் ஊருக்கு வந்து வீடு வீடாகப் போனேன்.  முதல் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். ஒரு அம்மா தலையில் கைவைத்து, "ஐயோ மாஸ்ரர், அந்தக் கையாலைதானே முகத்தைத் துடைச்சனான்," என்றார். ஒருவர் என்னோடு கதைக்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் மனைவிதான் பரிசோதகரின் போன் நம்பரைக் கேட்டு எழுதினார். ஆறாவது வீடு, சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்பவர் வீடு. அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தார். சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு கிடந்தார். எழும்பச் சொன்னேன். கெண்டைக்கால் உளையுது என்றார். பரிசோதகர் ஐயாவே தன் வாகனத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றரைக் கிழமை ஆசுப்பத்திரியில் இருந்து தப்பி வந்தார். இன்று வீட்டுக்கிருத்தியத்துக்கும் வந்திருப்பார்; உங்களில் ஒருவர் அவருக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டிருக்கலாம். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.

அண்ணை அதன் பிறகு கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார். வெளியே குழியடியில் சப்பாத்தோடும் கையுறையோடும் வேலைசெய்த நான்கு பேருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

அறிவித்தலிலும் இந்த மலரிலும் 'குறுகிய கால சுகவீனத்தால்' என்று போட்டால் போதும் என்று கோயில் சபையில் சிலர் சொன்னார்கள். அதை நான் அண்ணியிடம் கொண்டு போனேன். "அவர் சனத்துக்கு ஒளிச்சு ஒரு வேலையும் செய்யேல்லை. உள்ளதை எழுதுங்கோ, நீங்கள் செய்ததையும் போட்டு எழுதுங்கோ," என்றார். அதனால்தான் இது இவ்வளவு நீண்டுவிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் வீட்டிலோ கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ சேறு வழிக்க இறங்குமுன் முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காலில் வெடிப்பும் புண்ணும் உள்ளவரை இறக்காதீர்கள். சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் நனைந்த ஒரு பாயைக்கூடத் தொடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அந்தத் தண்ணீரில் நின்றதை வைத்தியருக்கு மறக்காமல் சொல்லுங்கள். அண்ணை இருந்திருந்தால் இதை உங்கள் காலைப் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

அண்ணையைக் காப்பாற்றப் போராடிய வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், ஆறாவது வீட்டுக்கு வாகனத்தோடு ஓடிவந்த பரிசோதகர் ஐயாவுக்கும், செத்தவீட்டுக் காரியங்களைத் தம் வீட்டுக் காரியமாகச் செய்த அயலவர்களுக்கும், கனடாவிலிருந்து போனில் பார்த்துப் பார்த்து அழுத தங்கைக்கும், அண்ணையின் பிள்ளைகளான என் பெறாமக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னை மன்னித்து வீட்டுக்குள் இருத்திய ஐந்து குடும்பங்களுக்கும், மன்னிக்காமல் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் என் நன்றி தனியே.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் செல்வராணி வீட்டுக்குப் போனேன். கேற்றடியில் அன்று மறித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார்.  நான் குடித்து முடிந்ததும் சொன்னார்:

"உங்கடை மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது மாஸ்ரர்? அடுத்த வெள்ளத்துக்குக் கேற்றைத் திறந்து விடுங்கோ. நாங்கள் சப்பாத்தோடைதான் வருவம்."

கோயில் சபை இன்னும் அதைப் பற்றி முடிவெடுக்கவில்லை. கோயில் கேற்றுப் பூட்டின் திறப்பு செயலாளரான என்னிடம்தான் இருக்கிறது. நான் திறப்பேன்.

உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்ட,
தம்பி